வெள்ளி மூக்கு

என் கணவர் வீட்டார் தங்கள் மூக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குக் காது வலிக்கும். பெரிய மூக்கு, நடுவில் ஒரு மேடு, நுனியில் இடது பக்கமாக ஒரு சாய்வு. என் மாமனாருக்கு அது இருந்தது, அவருடைய தம்பிக்கு இருந்தது, என் கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் இருக்கிறது. ராஜ களை என்று சொல்லிக்கொள்வார்கள். ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வந்து, இரண்டு தலைமுறையாகப் பட்டறையில் கிரீஸ் துடைத்த குடும்பத்துக்கு ராஜ களை எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான புதிது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வழக்கம் இல்லை.

அந்த மூக்கோடு சேர்ந்து வந்த இன்னொரு சொத்து குறட்டை. அதிலும் அவர்களுக்குப் பெருமைதான். "எங்க அப்பா கொறட்டை விட்டா தெருக்கோடியில கேக்கும். மனசுல கள்ளம் இல்லாதவங்களுக்குத்தான் அப்படித் தூக்கம் வரும்" என்பார் நாத்தனார். அக்கா என்றுதான் நானும் அவரைக் கூப்பிடுவேன். சத்தமில்லாமல் தூங்குகிற நானெல்லாம் கள்ளி என்று அர்த்தம். அந்தக் கள்ளமில்லாத மாமனார் ஐம்பத்தேழாவது வயதில் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. அவருடைய தம்பி ஐம்பத்தொன்பதில் அதேபோல் எழுந்திருக்கவில்லை. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிய இரண்டு ஆண்கள். வேறு எந்த வீட்டிலாவது இருந்தால் இது என்ன என்று யாராவது கேட்டிருப்பார்கள். இவர்கள் இரண்டு படங்களுக்கும் மாலை போட்டுவிட்டு, "தூக்கத்துலயே போயிட்டாங்க, புண்ணியவான்க" என்று உச்சுக்கொட்டினார்கள். தங்கள் வம்சத்தில் யாரும் படுத்துக் கிடந்து இழுத்துக்கொண்டு சாவதில்லை என்பது அக்காவுக்கு ஒரு பட்டம் மாதிரி.

என் கணவருக்கு ஐம்பத்தாறு முடிந்தபோது நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டாம். படுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை, மனுஷன் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். குறட்டைதான் அந்த இரண்டு பேரையும் கொண்டுபோயிருக்க வேண்டும், அது நின்றால் இவர் பிழைத்துக்கொள்வார் என்பது என் ஞானம். அவர்களுடைய முட்டாள்தனத்தை இவ்வளவு எழுதிவிட்டு என்னுடையதை மறைக்கக்கூடாது.

எங்கள் வீடு அக்ரஹாரத்தில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டின சுவர். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் பூப்பறிக்கிற மாதிரி வந்து நின்றுகொண்டு, "ராத்திரி நிம்மனேலி ஏனாத்ரூ ருப்தீரா?" என்று கேட்டார். ராத்திரி உங்கள் வீட்டில் ஏதாவது அரைக்கிறீர்களா என்று. கேலி என்றே தெரியாத முகம். ஆமாம், இட்லிக்கு என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். இருபத்தாறு வருடமாக அந்தக் கிரைண்டரின் பக்கத்தில் படுத்திருக்கிறவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் முழங்கை. விலாவில் ஒரு இடி இடித்து, "திரும்பிப் படுங்க" என்பேன். மல்லாந்து கிடக்கிறவர் ஒருக்களித்துக்கொண்டே, கண்ணைத் திறக்காமல் கேட்பார்: "கொறட்டை விட்டேனா?"

"பின்ன, பாட்டா பாடினீங்க?"

ஒரு ராத்திரிக்கு ஆறு தடவை, ஏழு தடவை இதே கேள்வி, இதே பதில். மறுநாள் பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் எழுதும்போது எனக்குக் கண் சொருகும். தலைமையாசிரியை என்னைத்தான் ஏதோ வியாதிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம். இந்த ஊரில் மூச்சு விடத் தெரியாதவனும் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவான். எங்கள் தெருவுக்கு அருகிலிருக்கிற பூங்காவில் ஓய்வு பெற்றவர்களின் கூட்டம் ஒன்று காலை ஆறு மணிக்கு உட்காரும். மங்கி குல்லா, ஸ்வெட்டர், ஒரு விரல் மூக்கில். இடது பக்கம் இழு, வலது பக்கம் விடு. என் கணவருக்கு இடது பக்கம் இழுத்தால் எதுவும் வராது, அடைப்பு. வராத காற்றை வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு ஒரு வருடம் உட்கார்ந்தார். கூட்டத்தின் தலைவர், முன்னாள் கருவூல அதிகாரி, "நிமகே சந்திர நாடி சொல்ப வீக்" என்று தீர்ப்புச் சொன்னார், இடது மூக்கு கொஞ்சம் பலவீனம் என்று. அடுத்து மூக்குவைத்த சின்னச் சொம்பு ஒன்று வீட்டுக்கு வந்தது. உப்புத் தண்ணீரை ஒரு துவாரத்தில் விட்டு இன்னொன்றில் எடுக்க வேண்டுமாம். பாத்ரூமில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்தால் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. தண்ணீர் மறுபக்கம் வராமல் தொண்டைக்குள் இறங்கும். இருமி முடிக்கப் பத்து நிமிஷம்.

பிறகு மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து. போட்ட ஐந்து நிமிஷத்தில் மூக்கு திறந்துவிடும். அதில் மயங்கிப்போய்த் தினம் இரண்டு தடவை, மூன்று தடவை என்று மாதக்கணக்கில் போட்டார். கடைசியில் அது போடாவிட்டால் இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நிலைமை வந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் நன்றாக இருந்தார்.

அப்போதுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். எங்களோடு அக்காவும் வந்தார். தம்பி மூக்கை யாரோ தொடப்போகிறார்கள் என்றால் அவர் இல்லாமலா? டாக்டர் சின்ன வயது, நிதானமானவர். அவர் கன்னடத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். விளக்கு மாட்டிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, இடது பக்கம் முக்கால்வாசி அடைப்பு என்றார். பகலில் தூக்கம் வருகிறதா என்று இவரைக் கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்றார். அன்று காலையில்தான் பல் துலக்கிக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கினார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"தூக்கத்துல நடுநடுவே மூச்சு நின்னு, திணறி, மறுபடியும் ஆரம்பிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா?"

"நிக்கறதா? எனக்கு அந்தக் கொடுப்பினை ஏது டாக்டர். பத்தரைக்கு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் நிறுத்தாம ஓடும். மனுஷங்க பக்கத்துல படுக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். டாக்டர் குனிந்து ஃபைலில் எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நறுக்கென்று பேசிவிட்டேன் என்று.

அது பொய். குறட்டை நிற்கும். நன்றாகவே நிற்கும். ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் கத்தரித்த மாதிரி அறுந்துவிடும். அப்புறம் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றும் இல்லாத நேரம்தான் எனக்குக் கிடைத்த ஓய்வு. "அப்பாடா" என்று கண் மூடுவேன். பிறகு மூக்கும் தொண்டையும் சேர்ந்து உறுமிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும், நான் முழங்கையைத் தூக்குவேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நிற்கிறது என்று சொன்னால் என் கஷ்டம் குறைந்துபோகும் அல்லவா. இருபத்தாறு வருடத்துப் புலம்பலில் ஓட்டை விழ நான் விடுவேனா?

அப்படியிருந்தும் அந்த டாக்டர், ஒரு ராத்திரி வீட்டிலேயே விரலிலும் நெஞ்சிலும் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்குகிற பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதைச் செய்துவிட்டு ஆபரேஷனைப் பற்றி முடிவு பண்ணலாம் என்றார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தூங்கறதுக்குமா பரிட்சை? எங்க வீட்ல அதுக்கு எல்லாருமே ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"மொதல்ல மூக்கை நேர் பண்ணுங்க டாக்டர், அதெல்லாம் ஆமேலெ பாக்கலாம்" என்றார் என் கணவர். பிறகு பார்க்கலாம் என்கிற ஆமேலெ மைசூரில் எதையும் பார்க்காமலிருக்கச் சொல்கிற வார்த்தை. நானும் வேகமாகத் தலையாட்டினேன். வளைந்தது கண்ணுக்குத் தெரிகிறது, நிமிர்த்தினால் தீர்ந்தது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி இந்த வீட்டில் யார் கவலைப்பட்டிருக்கிறார்கள்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரின் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சில நாட்கள் தலையணையை உயர்த்தி மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். இவர் அதையே வழக்கமாக்கிக்கொண்டார். புண் ஆறி, மூக்கு திறந்து, இரண்டு பக்கமும் காற்று போய் வந்தது. குறட்டை பூனை உறுமுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. முழங்கைக்கு வேலை போயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள், "யஜமானரு ஊரல்லி இல்வா?" என்று விசாரித்தார், வீட்டுக்காரர் ஊரில் இல்லையா என்று. நான் நாலு மாதம் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கத்தைக் கல்யாணத்துக்கு முன்னால்தான் தூங்கியிருக்கிறேன். முகம் தெளிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். தலைமையாசிரியை என்ன மாத்திரை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

இவர் முகம் மட்டும் தெளியவில்லை. காலையில் எழுந்தால் தலைவலி. முடிவெட்டும் நாற்காலியில் தூக்கம். ஒரு கல்யாணப் பந்தியில் ஹோளிகெ என்கிற போளியைக் கையில் வைத்துக்கொண்டே தூக்கம். பட்டறையில் மேலதிகாரி இவரை இயந்திரங்கள் பக்கம் போகவிடாமல் ஸ்டோர் அறையில் உட்கார வைத்துவிட்டார். "இத்தனை வருஷமா மூக்கடைச்சுக் கெட்ட தூக்கம், இப்ப மொத்தமா வருது" என்று அக்கா விளக்கம் சொன்னார். விளக்கம் சொல்வதில் அந்தக் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது. நானும் ஒப்புக்கொண்டேன். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்துகொண்டிருந்தது, வேறு எதையும் யோசிக்க நேரம் இல்லை.

அக்கா வேண்டிக்கொண்டிருந்தாராம். தம்பிக்கு மூக்கு சரியானால் மேல்கோட்டை மலைக்கோயிலில் வெள்ளியில் மூக்கு செய்து உண்டியலில் போடுவதாக. கண்ணுக்குக் கண், காலுக்குக் கால் போடுகிறார்கள், மூக்குக்கு மூக்கு போட்டால் என்ன என்பது அவர் வாதம். மண்டி மொஹல்லாவில் ஒரு வெள்ளிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் கண், கை, கால், தொட்டில், முழு ஆள் எல்லாம் தகட்டில் வரிசையாக இருந்தன. கடைக்காரர் தமிழர்தான்.

"மூக்கு யாரும் கேக்கறதில்லைம்மா. முழு முகம் இருக்கு, எடுத்துக்கங்க. அதுல மூக்கும் வந்துரும்."

"முகத்துக்கு என்ன கேடு? மூக்குக்குத்தான் வேண்டிட்டேன். மூக்குதான் வேணும்."

"செஞ்சு தரேன். என்ன மாதிரி மூக்கு?"

அக்கா தன் மூக்கைக் காட்டினார். மேடு வேண்டும், அது குடும்ப அடையாளம். சாய்வு வேண்டுமா வேண்டாமா என்பதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாய்வோடு போட்டால் பழைய மூக்கைக் கொடுத்த மாதிரி, சாய்வில்லாமல் போட்டால் தம்பி மூக்கு என்று பெருமாளுக்கு எப்படித் தெரியும்? தெருவில் ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, கடை வாசலில் நின்று இதைக் கால் மணி நேரம் யோசித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்துக் கடையில் பூண்டு வாங்கப் போய்விட்டேன். சாய்வில்லாமல் செய்வதென்று முடிவானது. ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கியபோது பார்த்தால், பருத்த மிளகாயை நசுக்கிய மாதிரி ஒரு தகடு. அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை எங்கள் பழைய காரில் போனோம். இவர் ஓட்டினார், நான் முன்னால், அக்கா மடியில் வெள்ளி மூக்கோடு பின்னால். மலைப்படி ஏறும்போது இவர் பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றார். மேலே போய் மண்டபத் தூணில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். கோயிலில் எல்லோரும் பெருமாளைப் பார்க்க, நான் என் கணவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஈ போய்விடப் போகிறது என்று. அக்கா எழுப்பி, அவர் கையாலேயே மூக்கை உண்டியலில் போடவைத்தார். அது உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கீழே இறங்கிப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டோம். வீட்டுக்கு நாலு பொட்டலம் கட்டிக்கொண்டார் அக்கா.

திரும்பும்போது மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். இரண்டு பக்கமும் கரும்பு, இடது பக்கம் கொஞ்ச தூரத்தில் கால்வாய். அக்கா அடுத்த வருடம் வெள்ளியில் வேறு என்ன போடலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் மெதுவாக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏதோ வண்டிக்கு வழிவிடுகிறார் என்று நினைத்தேன். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. திரும்பினேன். ஸ்டியரிங்கில் கை இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. ஒரு சத்தம் இல்லை.

என் முழங்கை தானாகப் போனது. விலாவில் ஓங்கி ஒரு இடி. விழித்து, பிரேக்கை மிதித்து, வண்டி சாலையை விட்டு இறங்கி, வெட்டி அடுக்கியிருந்த கரும்புக் குவியலில் போய் முட்டி நின்றது. குவியலுக்கு அந்தப் பக்கம் நாலடி மண், அப்புறம் கால்வாய். நிறைய தண்ணீர் ஓடியது. முன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. எனக்கு நெற்றியில் வீக்கம். அக்காவின் மடி முழுக்கப் புளியோதரை.

வயலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "குடிதித்தாரா?" என்றான் ஒருவன், குடித்திருக்கிறாரா என்று. இன்னொருவன் இவர் வாய்க்குப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தான். புளியும் பெருங்காயமும்தான் வந்திருக்கும். அந்த நிலையிலும் அக்கா, தங்கள் வம்சத்தில் யாரும் குடிப்பதில்லை என்று கன்னடத்தில் வம்சத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அந்தக் கால்வாயில் தள்ளியிருப்பேன். "குடிக்கல. தூங்கிட்டார். மூணு பேரையும் கொன்னிருப்பார்" என்று நான்தான் சொன்னேன். என் கணவர் கரும்புமேல் உட்கார்ந்து, "ஒரு செகண்டுதான் கண்ணை மூடினேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனைத் திட்ட எனக்கு அப்போது வாய் வரவில்லை.

அன்று ராத்திரி நெற்றி வலியில் எனக்குத் தூக்கமில்லை. இவர் மல்லாந்து படுத்திருந்தார். பூனை உறுமல் ஆரம்பித்தது, நின்றது. நின்றதும் வழக்கம்போல "அப்பாடா" என்று கண் மூடப்போனேன். காரில் பார்த்த திறந்த வாய் ஞாபகம் வந்தது. எழுந்து விளக்கைப் போட்டேன். நெஞ்சு ஏறுகிறது, வயிறு உள்ளே இழுக்கிறது, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. கையை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தேன், ஒன்றும் படவில்லை. எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினேன். உதடு கறுத்த மாதிரி இருந்தது. பிறகு உடம்பு தூக்கிப்போட்டு ஒரு இழுப்பு, பூனை மறுபடியும். மூன்று உறுமலுக்குப் பின் திரும்பவும் நின்றது. நான் விடியும் வரைக்கும் படுக்கவில்லை. நின்றபோதெல்லாம் இடித்துத் திருப்பிப் போட்டேன். நாலு மாதமாக நான் தூங்கிக் கொழுத்த ராத்திரிகள் எல்லாம் இப்படித்தான் போயிருக்கின்றன என்று புரிந்தபோது எனக்கு என்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் முன்னால் உட்கார்ந்து, மூச்சு நிற்கிறது என்று சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார், சொன்னேன். அன்று ராத்திரியே ஒயர் மாட்டும் பரிசோதனை நடந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முடிவு வந்ததும் அவர் ஒரு காகிதத்தில் மூக்கும் தொண்டையும் வரைந்து காட்டினார்.

"மூக்கு வாசல் மாதிரி. வாசலை நாம அகலப்படுத்திட்டோம். ஆனா தூக்கத்துல நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து உள்ளே நடைவழி மூடிக்குது. அங்கதான் மூச்சு நிக்குது. மூக்கு அடைச்சிருந்தப்போ வாயைத் திறந்து இழுத்தாரு, உறிஞ்சிற வேகத்துல தொண்டை இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கும், சத்தமும் ஜாஸ்தி. இப்போ சத்தம் குறைஞ்சிருக்கு, நிக்கறது குறையல. மல்லாந்து படுத்தா இன்னும் அதிகம். ராத்திரி பூரா மூளை தூங்காம முழிச்சு முழிச்சுக் காப்பாத்துது, அதான் பகல்ல தூக்கம். இதயத்துக்கும் ரொம்பச் சிரமம்."

"அப்ப மூக்கு ஆபரேஷன் தண்டமா?" என்றார் அக்கா. உண்டியலில் போன வெள்ளி அவர் கண்ணில் தெரிந்தது.

"இல்லம்மா. மூக்குல ஒரு மாஸ்க் வெச்சு, காத்தைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிற மெஷின் குடுக்கப்போறேன். அடைச்ச மூக்குல அதைத் தாங்கவே முடிஞ்சிருக்காது."

அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேலாவது வர வேண்டியிருந்தது. "இதையெல்லாம் நீங்க அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்க வேண்டாமா டாக்டர்?" என்றேன்.

அவர் பழைய ஃபைலைத் திறந்து, முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். இங்கிலீஷில் இரண்டு வரி. பரிசோதனை யோசனை சொல்லப்பட்டது, குடும்பத்தார் மறுத்தார்கள். அதற்கு மேலே, தூக்கத்தில் மூச்சு நிற்பதில்லை, சொன்னவர் மனைவி. என் கணவர் எட்டிப் பார்த்தார். படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. இவ்வளவு வருடத்தில் அந்த மனுஷனுக்குத் திட்டத் தெரிந்ததே இல்லை.

இப்போது ராத்திரி இவர் முகத்தில் ஒரு குழாய் தொங்குகிறது. முதல் வாரம் பிடுங்கிப் போட்டார், பிறகு பழகிவிட்டது. இரண்டு மாதத்தில் தலைவலி போயிற்று, பந்தியில் முழித்துக்கொண்டு சாப்பிடுகிறார், ஸ்டோர் அறையிலிருந்து பழைய இடத்துக்கும் வந்துவிட்டார். அக்காவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "தசரா யானை மாதிரி துதிக்கையை மாட்டிவிட்டிருக்கே. எங்க அப்பா எப்படி நிம்மதியாத் தூங்கினார், எப்படி நிம்மதியாப் போனார்" என்றார் ஒரு நாள்.

"நிம்மதியாப் போனாரா இல்லையான்னு நீங்க யாராவது முழிச்சிருந்து பாத்தீங்களா அக்கா?" என்றேன். அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு புண்ணியவான் என்ற வார்த்தையை நான் அவர் வாயில் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரன்ட் போயிற்று. மெஷின் நின்றதும் இவர் தூக்கத்திலேயே மாஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் எழுந்தது இடியாலும் இல்லை, மழையாலும் இல்லை. பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லாததால். இருட்டில் முழங்கையை நீட்டி விலாவில் ஒரு இடி இடித்தேன். "திரும்பிப் படுங்க."

அவர் இழுத்து மூச்சு விட்டு, ஒருக்களித்துக்கொண்டே கண்ணைத் திறக்காமல் கேட்டார். "கொறட்டை விட்டேனா?"

"இல்ல" என்றேன். "அதுக்குத்தான் எழுப்பினேன்."